மூன்று தோட்டாக்கள் வரை

ஓடிலோன் துப்பாக்கியைத் தர மறுத்துவிட்டார்.

நாணல் மறைவில் அவரோடு நின்ற யூலிஸும் க்ளோவிஸும் கேட்டவுடனே நீட்டியிருந்தார்கள். வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் வார்டன் டார்செல் படகில் நின்றபடி, சோதனைக்கென்று வைத்திருந்த வெற்றுத் தோட்டாக்களை அவர்களுடைய துப்பாக்கிகளில் போட்டுப் பார்த்தாள். தோட்டாக் குழலுக்குள் ஒன்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது, உள்ளே செருகியிருந்த மரக்கட்டையில் முட்டி நின்றது.

சரிதான். குழலில் இரண்டு, சுடும் அறையில் ஒன்று. வாத்து வேட்டைக்கு மூன்றுக்கு மேல் கொள்கிற துப்பாக்கி கூடாது.

"உங்கப்பனுக்குக் குறி பாக்கக் கத்துக் குடுத்தவன் நான். என் தோட்டாவ எண்ண நீ வந்துட்டியா?" என்றார் ஓடிலோன்.

எழுபத்தெட்டு வயது. துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டம் போட்டவன் தலைநகர் பேட்டன் ரூஜில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவனை வந்து முழங்கால் சேற்றில் நிற்கச் சொல், அப்புறம் எண்ணிக்கை பேசலாம் என்றார். மூணென்ன, முப்பது கொடுத்தாலும் இவனுக்கு ஒரு வாத்து விழாது, பேசாமல் காட்டித் தொலையட்டும் என்றார் க்ளோவிஸ். யூலிஸ் சிரித்தார்.

டார்செலுக்கு இது இரண்டாவது சீசன். எதையாவது விட்டுவிட்டோமோ என்று ஒவ்வொரு சோதனையையும் வீட்டுக்குப் போய் மறுபடி நினைத்துப் பார்க்கிறவள். சோதனைக்கு மறுத்தால் துப்பாக்கி பறிமுதல், உரிமம் ரத்து. சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்ட ஓடிலோனிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கையேட்டில் உள்ளபடியே சொன்னாள்.

ஓடிலோன் துப்பாக்கியோடு அவள் படகில் ஏறி உட்கார்ந்தார்.

"படகுல வெச்சுப் பாரு. இவனுங்க முன்னாடி வேணாம்."

கட்டையைக் கழற்றிவிட்டார் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஐந்து போகும். படகை நாணலுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

சுடும் அறை காலி.

முதல் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளினாள். போகவில்லை.

தான்தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து மறுபடி தள்ளினாள்.

முனை மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே கட்டை இருந்தது. வழவழப்பாகச் சீவி, எண்ணெய் தடவி, குழலின் முழு நீளத்துக்கும்.

அவருடைய தோட்டாப் பையைத் திறந்தாள். ஒரு காப்பி பிளாஸ்க், பொட்டலத்தில் கொஞ்சம் வறுத்த பன்றிக்கறி. வேறொன்றும் இல்லை.

"போன வருஷம் யூலிஸோட தொப்பிய வாத்துன்னு நெனச்சுக் குறி வெச்சுட்டேன்." குரலைத் தாழ்த்தியிருந்தார், பார்வையைத் தாழ்த்தவில்லை. "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா இவனுங்க நாளைலேருந்து கூப்பிட மாட்டானுங்க. நீ வாயத் தொறந்துதான் பாரேன்."

அவள் மூடியைத் திருகி மாட்டினாள். படிவத்தை எடுத்தாள். 'மூன்றுக்கு மேல் கொள்ளுமா?' என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள். கேள்வியை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். எழுதியது சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும், எத்தனை போச்சு, அஞ்சா ஆறா என்று க்ளோவிஸ் கேட்டார்.

"மூணுக்கு மேல போகல," என்றாள் டார்செல். "சட்டப்படி சரியா இருக்கு."

ஓடிலோன் சேற்றில் இறங்கினார். அடுத்த தடவை நீதிபதியிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வா என்று, சதுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

அவள் படகு திருப்பத்தைத் தாண்டுவதற்குள் வாத்துக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. பின்னால் இரண்டு துப்பாக்கிகள் வெடித்தன.

"சே, மயிரிழைல தப்பிச்சிருச்சு," என்றது மூன்றாவது குரல், மற்ற இருவரையும்விட உரக்க.