புள்ளி வைத்த ஷூ

பெட்டியில் இருந்தவரை அந்த பாலே நடன ஷூக்களில் இடது, வலது என்ற பேதமே இல்லை. கால்விரல் நுனியில் நிற்கக் கற்றுக்கொண்டிருந்த ஷெரின், கையில் கிடைத்த ஒன்றில் பேனாவால் புள்ளி வைத்து இடது காலில் மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய இடது கணுக்காலில் பலம் இல்லை. பயிற்சி அறைச் சுவரோரக் கம்பியைப் பிடித்து எழும்பும்போதெல்லாம் முழுக் கனத்தையும் வலது காலிலேயே போட்டாள்.

"நான் செத்துக்கிட்டிருக்கேன். நீ சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிற," என்றது வலது ஷூ.

"அந்தக் கால் என் மேல நிக்கவே மாட்டேங்குதே. நான் என்ன பண்ண?" என்றது இடது.

"இடது காலுக்கும் வேலை குடும்மா," என்று டீச்சர் சொன்னால் ஷெரின் தலையாட்டுவாள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் கனம் வலதுக்கே போய்விடும்.

ஒருநாள் வலது ஷூவில் பாதத்தைத் தாங்கும் அடி அட்டை முறிந்தது.

இடது ஷூ இன்னும் விறைப்பாக, புதுசாகவே இருந்தது. "இனிமே அவ என் மேல நின்னுதானே ஆகணும்?" என்றது.

"நம்மளை ஜோடியாத்தான் வாங்கினா," என்றது வலது.

ஷெரின் இரண்டின் ரிப்பன்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு புதுப் பெட்டியைத் திறந்து, கையில் கிடைத்த ஒன்றில் புள்ளி வைத்தாள்.