தோற்றவர் போடும் காப்பி

பேப்பரில் வரும் கலைந்த எழுத்துகளைச் சேர்த்து யார் முதலில் சொல்லைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்தான் ஜெயித்தவர்; தோற்றவர் காப்பி போட வேண்டும். மந்தைவெளி வீட்டில் இந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்ததே ஜானுதான்.

அவள் கணவர் சுந்தரராமனுக்கோ எழுத்துகள் சேரவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. முதல் வாரம் முழுக்க அவரே காப்பி போட்டார். பிறகு, புதிரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோனோடு பாத்ரூமுக்குள் நுழைய ஆரம்பித்தார். எழுத்துகளைத் தட்டினால் சொல்லைக் கொடுத்துவிடும் ஆப் ஒன்று அதில் இருந்தது. அன்றிலிருந்து அவர் தோற்கவே இல்லை.

இன்றைக்கு ம், பூ, ழ, தா.

"தாழம்பூ!" என்றபடியே கதவைத் திறந்தார்.

"அசத்தறேள் போங்கோ!"

முட்டி வலியோடு ஜானு அடுப்படிக்கு நடந்தாள். அவருக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு டம்ளர் வந்தது.

"உனக்கு?"

"விட்டுட்டேன்."

"நீயா? காப்பியையா? இரு, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நான் முதல்ல சொல்லிடறேன். உங்களுக்கு ஞாபகம் தப்பறதுன்னு டாக்டர் என்கிட்ட தனியாச் சொன்னார். இந்த விளையாட்டே அவர் யோசனைதான். நீங்க தொடர்ந்து முப்பது நாள் ஜெயிச்சுட்டா ஆயுசுக்கும் காப்பி தொடறதில்லைன்னு கபாலிகிட்ட வேண்டிண்டேன். இன்னியோட முப்பது!" ஜானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்னமோ சொல்ல வந்தேளே?"

'மறந்துடுத்து' என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காப்பி பிரமாதம்னு சொல்ல வந்தேன்" என்றார், இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்காமல்.