பதிவில் இருப்பவர்

குகதாசன் ஐந்தரைக்கு எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்தான். முகம் மழித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பிறகு பொலிஸ் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தான். அதில் பெயரில்லாத தமிழரைக் கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸ் ஜீப்பில் அள்ளிக்கொண்டு போகும் காலம் அது.

இறந்துபோன மனைவி திலகேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், அவளுடைய பெயரை வெட்டச் சொல்லிப் படிவத்தைப் பொலிஸில் கொடுத்திருந்தான். நேற்று அது திரும்பி வந்தபோது அவனுடைய பெயர் வெட்டப்பட்டிருந்தது. அவளுடையது அப்படியே இருந்தது.

"தம்பி, உம்மையெல்லோ சாக்காட்டிப்போட்டாங்கள்!" என்று கீழ்வீட்டுப் பாலேஸ்வரி சிரித்தார். "அப்ப விடிய விடிய மேல ஆர் இருமுறது?"

இன்று திருத்தலாம் என்று அவன் புறப்பட்டபோது வாசலில் சோதனை. பொலிஸ்காரர் படிவத்தை வாசித்தார்.

"திலகேஸ்வரி?"

"ஓம்," என்றது அவன் வாய்.

பொலிஸ்காரர் அவனுடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு தரம் பார்த்தார். "ஹரி, நோனா," சரி அம்மா என்று சிங்களத்தில், பெண்களிடம் காட்டும் மரியாதையோடு சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அட்டையில் அவனுடைய படம்தான், மீசையோடு இருந்தது. அவனுக்குப் பயம் வரவில்லை. ஓம் என்று சொன்னது யார் என்று அறியத்தான் ஆவலாக இருந்தது. உள்ளே தேடிப் பார்த்தான். அவன் என்று தனியாக ஒருவரும் அகப்படவில்லை.

படிவத்தைத் திருத்தாமலே மடித்து வைத்தான்.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்து மணி அடித்தபோது திலகேஸ்வரி கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஏன் அழுறியள்? போறது நீங்கள்தானே. நான் எங்கையும் போகேல்லை."