பதினேழு பேர்

"ஏழு சாவி இருக்கு சார். சரி பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தீங்கன்னா நாங்க கிளம்பிருவோம்."

யூனிஸ் டீச்சரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் சிவசண்முகத்தை உறுத்தியது. நகராட்சி மேலாளர் என்ற முறையில் கட்டடத்தைத் திரும்பப் பெற வந்திருந்தார் அவர். அழுகை, ஏச்சு, சாபம் எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்துகொண்டுதான் வந்தார்.

ஆற்றங்கரையில் நகராட்சியின் பழைய சத்திரம் அது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யூனிஸ், போக்கிடம் இல்லாத பெண்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கைவிட்ட கிழவிகள், புத்தி பேதலித்துப் பிறகு தேறியும் வீட்டார் சேர்த்துக்கொள்ளாதவர்கள் என்று பத்தொன்பது பேர். ஒன்பது வருஷமாக நகராட்சி கொடுத்த மானியத்தில்தான் அவர்களுக்குச் சோறும் மருந்தும். புதிய கவுன்சில் அதை ரத்து செய்துவிட்டது. காரணம், சிவசண்முகம் எழுதிய ஒரு பக்க அறிக்கை.

வாசலில் ஒரே ஒரு கிழவி துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலம்மாள். காது சுத்தமாகக் கேட்காது.

"மத்தவங்கள்லாம் எங்க டீச்சர்?"

"ராதாபுரத்துக்காரிய அவ தம்பி வந்து கூட்டிட்டுப் போனான். முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசலை. நாலு பேரைப் பாளையங்கோட்டையில கெஞ்சிக் கூத்தாடிச் சேத்தேன். மிச்சப் பேரு எங்கன எங்கனயோ போயிட்டாவ. நம்ம மாரித்தாயைத் திருச்செந்தூர்ல பாத்ததாச் சொல்லுதாவ. கோயில் வாசல்ல கையேந்திக்கிட்டு இருந்தாளாம்."

"இந்த அம்மா?"

"எங்கூடத்தான். எனக்கு ஒத்தை ரூம்புதான். இருந்தாலும் ஒரு கட்டில் போடலாம்."

சிவசண்முகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வேணும்னு பண்ணலை டீச்சர். இல்லாத ஆளு பேரையெல்லாம் எழுதி மானியம் வாங்குதாவன்னு ஒரு கவுன்சிலர் புகார் குடுத்துட்டாரு. திடுதிப்புனு போய்ப் பாத்தாத்தான் நெசம் தெரியும்னு, ஜூன் பதினொண்ணாம் தேதி வீட்டுல இருந்து நேரா இங்கன வந்தேன். ஆபீஸுக்குக்கூடப் போகலை. வந்து பாத்தா ரெண்டே பேரு! இந்தம்மாவுக்குக் காது கேக்கலை. இன்னொருத்தி காய்ச்சல்ல முனங்கிக்கிட்டுக் கெடந்தா. பத்து மணியில இருந்து பதினொண்ணரை வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரலை. அதுக்கு மேல திருநெல்வேலியில மீட்டிங், பஸ்ஸேறிட்டேன். நான் என்னத்தை எழுத?"

"பாத்ததை எழுதினீய. தப்பில்லையே சார்."

"பதிவேட்டுல பத்தொம்பது பேரு. மிச்சப் பதினேழு பேரும் அன்னைக்கு எங்கதான் போனாவ? அதையாவது சொல்லுங்களேன்."

யூனிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அது உங்களுக்கே தெரியுமே சார்."

சிவசண்முகத்துக்குச் சுருக்கென்றது. பெயர்களெல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறாரா? எழுந்து கூடத்துக்குள் நடந்தார். பாய்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் போய்விட்ட வெறும் கூடம். சுவர் நெடுகிலும், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், எண்ணெய்க் கறை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. வருஷக்கணக்காகத் தலை சாய்த்து உட்கார்ந்தவர்களின் கறை. அவரை அறியாமலே எண்ணினார். பத்தொன்பது.

அன்றைக்கு அவர் பதிவேட்டைத்தான் பார்த்தார், சுவரைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"டீச்சர், இன்னொரு மனு எழுதித் தாங்க. நானே சிபாரிசு பண்ணுதேன். எப்படியாவது திரும்ப வாங்கித் தாரேன்."

"ரெண்டு எழுதினேன் சார். ரெண்டுக்கும், ஏற்கெனவே ஆய்வு செய்து முடிந்ததுன்னு பதில் வந்துட்டு. இனிமே மானியம் வந்தா மட்டும் யாரைக் கொண்டாந்து இங்க வைக்க? காய்ச்சல்ல கெடந்தாளே சுடலைவடிவு, அவ போன வாரம் செத்துட்டா."

அந்தப் பதிலை எழுதியது சிவசண்முகம்தான். மனு என்றதும் முதல் பக்கத்தின் ஓரத்திலேயே ஒரு வரி எழுதிக் கீழே அனுப்பிவிடுவது அவர் வழக்கம். பக்கத்தைத் திருப்பினதாக ஞாபகம் இல்லை.

"நகல் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க அறியாத சங்கதி அதுல ஒண்ணும் இல்லை சார்." யூனிஸ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பாலம்மாளைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "பைய எந்திரி தாயி. நேரமாச்சு."

சிவசண்முகம் முதல் முறையாகப் பக்கத்தைத் திருப்பினார். பின்னால் நகராட்சி நோட்டீஸ் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது: 'மானியத்தைத் தொடர்வது குறித்த விசாரணைக்காக, காப்பகத்தில் நடமாட முடிந்த அனைவரையும் 11.6.97 காலை பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் மேலாளர் முன் நேரில் அழைத்து வரவும்.'

கட்டுக் கட்டாக வரும் தாள்களோடு தாளாக அதில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். இங்கே அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரமும், பதினேழு பேரும் அவருடைய அறை வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.