மாடிக்கு வந்த ஜோடி

"சாவியைக் கொடுக்காதீங்கன்னா கொடுக்காதீங்க!"

"மெதுவா பேசு, வாடகைக்கு வந்தவங்க வாசல்லதான் நிக்கிறாங்க. ஆறு மாசமா காலியா கிடக்கு மாடி..."

"அந்தப் பொண்ணு, சின்ன வயசுல நான் இருந்ததை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கா. கன்னத்து மச்சம்கூட!"

"ஊருலயே உனக்கு மட்டும்தான் மச்சமா?"

ஓவியரான கணவர் சிரித்துக்கொண்டே சாவியோடு போனார். வேற்றுக்கிரகத்தாருக்கு மனிதர்களைக் காட்டவென்று விண்கலத்தில் அனுப்பிய படம் அவர் வரைந்ததுதான். மாதிரிக்கு நின்றவள் மனைவிதான். அதற்கு நாற்பது வருடமாகிறது.

சாவியை வாங்கிக்கொண்ட இருவரும், புன்னகை மாறாமல் பின்னோக்கி நடந்தே பதினெட்டுப் படியும் ஏறினார்கள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"என்ன மரியாதை பார்த்தியா!" என்றார்.

மனைவி அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, அந்தப் படத்துல நீங்க முதுகு வரைஞ்சீங்களா?"