வலது கை

"வலது கை சார். ரெண்டு விரலு சுத்தமா போயிடுச்சு." இன்சூரன்ஸ் அதிகாரியிடம் போனில் இதைச் சொல்லும்போதே கலைவாணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிற்பப் பட்டறை முதலாளி இப்படிக் கலங்கி ஜாக்குலின் பார்த்ததே இல்லை.

அவள் கணவன் கிருபாகரனுக்குப் போனது இடது கை விரல்கள். பதற்றத்தில் மனிதருக்குக் கை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். எதிரே நின்று பார்க்கிறவருக்கு இடது வலதாகத்தானே தெரியும்.

மாமல்லபுரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் கிருபாகரனுக்குச் சிலை செதுக்கும் வேலை இல்லை. மற்றவர்கள் செதுக்கி முடித்ததைத் தூக்கி லாரியில் ஏற்றும் வேலை. போன வாரம் ஒரு புத்தரைச் செயின் புல்லியில் மாட்டித் தூக்கும்போது கொக்கி விட்டுவிட்டது. சரிந்த சிலைக்கு அடியில் அவன் கை மாட்டிக்கொண்டது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் நசுங்கிப்போன இரண்டு விரல்களை எடுத்தார்கள். இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்குவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவன் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தான்.

முந்தாநாள் கலைவாணனே ஆப்பிள் பையோடு சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். இன்சூரன்ஸ் அதிகாரி பட்டறைக்கு வருகிறார், கிருபாகரன் அவரிடம் நடந்ததைச் சொன்னால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றார். ஜாக்குலின் மனதுக்குள் அப்போதே ஒரு மாவு கிரைண்டர் வாங்கிப் போட்டுவிட்டாள்.

கிளம்பும்போது கலைவாணன் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"கொக்கி வீக்கா இருந்துச்சுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத கிருபா. புதுக் கொக்கி, காத்து அடிச்சுது, சிலை சுத்திகிச்சு, அவ்ளோதான். வேற எதுனா சொன்ன, இன்சூரன்ஸ்காரன் ஒத்த பைசா தர மாட்டான்."

விரிசல் விட்ட கொக்கியைக் கட்டுக்கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தது பட்டறைக்கே தெரியும். மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தவன் கிருபாகரன்தான். பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஜாக்குலின்தான் அவனைத் தேற்றினாள். இன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகையும் பார்த்தாள்.

அதிகாரி மோகன் வந்து சேர்ந்தார். கலைவாணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இளநீர் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்தார்கள். மேலே செயின் புல்லியில் புதுக் கொக்கி பளபளத்தது.

போன விரல்கள் கிடைத்தனவா, திரும்ப ஒட்ட வைக்க வழியே இல்லையா என்றெல்லாம் மோகன் விசாரித்தார். ஆஸ்பத்திரியில்கூட யாரும் இத்தனை அக்கறையாகக் கேட்கவில்லையே என்று ஜாக்குலினுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"ஒட்ட வெச்சாலும் தெரிஞ்சிடும் சார்" என்றார் கலைவாணன். "எவ்ளோ சாந்தமான முகம். பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

ஜாக்குலின் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை அவள் கண்டதில்லை. படித்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது போல.

அடுத்து கிருபாகரனைக் கேட்டார்கள். புதுக் கொக்கி, காற்று அடித்தது, சிலை சுற்றிக்கொண்டது என்று அவன் தரையைப் பார்த்தபடி ஒப்பித்து முடித்தான். மோகன் எழுதிக்கொண்டார். விபத்து தற்செயலாக நடந்ததுதான், தொகை முழுசாக வந்துவிடும் என்றார்.

ஜாக்குலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளியைப் பற்றி இத்தனை நாள் வீட்டில் பேசிய பேச்சுக்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். பணம் வருகிற நேரத்தில் ஒரு சின்னப் பிழையால் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சார், வலது கைன்னு எழுதிகினீங்க. இவருக்கு எடது கை சார்."

மோகன் அவளைப் பார்த்தார். பிறகு கிருபாகரனின் கட்டுப்போட்ட கையை அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் பார்த்தார். எழுந்து போய், மூலையில் போர்த்தியிருந்த நீலப் படுதாவை விலக்கினார்.

வைக்கோல் மேல் புத்தர் சாந்தமாகச் சிரித்தபடி படுத்திருந்தார். ஆசீர்வதிக்கத் தூக்கிய வலது கையில் இரண்டு விரல்களைக் காணோம்.

"பாலிசி சிலைக்கு மட்டும்தாம்மா" என்றார் மோகன். "ஆளுங்களுக்கு இவர் எடுக்கல."

இளநீர் இன்னும் ஏன் வரவில்லை என்று கலைவாணன் வேறு பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். கிருபாகரன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக்குலினுக்கு ஆத்திரம் பொங்கி வந்தது.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகியபடி எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் கொக்கிய பத்தி இவர இன்னொரு தபா கேளுங்க."