யாருமே இல்லாத ரோட்டில்

"ஏம்மா, இது காரா இல்ல சண்டி மாடா? நெனச்ச எடத்துல நிக்குது!"

முத்துப்பாண்டி போட்ட சத்தத்தில், விளாங்குடி சர்வீஸ் சென்டரில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புகார்களைக் கவனிக்கும் அஸ்வினி எழுந்து நின்றாள். "என்னாச்சு சார்?"

"வாங்கி நாலு மாசம் ஆகல. யாருமே இல்லாத ரோட்டுல தானா பிரேக் போடுது. இதோட மூணாவது தடவை வாரேன். முப்பது வருசம் லாரி ஓட்டுனவன்மா நான். வாடிப்பட்டியில இருந்து குஜராத் வரைக்கும் போயிருக்கேன், ஒரு கீறல் கிடையாது. எனக்கு இந்தத் தகர டப்பா பிரேக் போடச் சொல்லித் தருதா?"

"சும்மா விடாதீங்க" என்று மனைவி மாயக்காள் ஏற்றிவிட்டாள். "ரெண்டு தடவையும் தொடச்சுக் குடுத்து அனுப்பிட்டாங்க. இன்னைக்கு வண்டியில இருக்குற கேமராவப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பாக்காம நகரக் கூடாது."

"அந்தாளையாவது சமாளிச்சிரலாம் போல, இந்தம்மா அதுக்கு மேல இருக்கு" என்று நாற்காலியில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார்.

முத்துப்பாண்டி விடவில்லை. "நாளைக்குப் பேரையூர் போயி மாசமா இருக்குற மகளக் கூட்டியாரணும். அவள வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னா, பின்னாடி வர்றவன் வந்து ஏத்திர மாட்டான்?"

"சில வண்டியில அந்தக் கோளாறு இருக்கு சார். பாலத்து நிழலப் பாத்துக்கூட நின்னுரும். உங்க வண்டியும் அப்படித்தான்னு நெனச்சு சென்சாரச் சரி பண்ணினோம். தானா பிரேக் போட்ட நேரமெல்லாம் வீடியோ பதிவாகியிருக்கும். உள்ள வாங்க, பாத்துருவோம்."

மாயக்காள் வரவில்லை. "நீங்க போயிப் பாருங்க" என்றாள்.

முதல் வீடியோ, வாடிப்பட்டிப் பிரிவு. ரோடு காலியாகத்தான் இருந்தது. திடீரென்று இடது ஓரத்திலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு சைக்கிள்காரர் ஏறி வந்தார். படம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. காருக்கும் சைக்கிளுக்கும் ஒரு சாண் இருக்கும். அவர் காலை ஊன்றி, சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டு மறைந்தார்.

அப்போது முத்துப்பாண்டியின் குரலே அதில் கேட்டது: "பாத்தியா! ஒருத்தனும் இல்ல, நின்னுருச்சு!"

முத்துப்பாண்டி திரைக்கு அருகில் குனிந்தார். "இது... என் வண்டியா?"

அஸ்வினி அடுத்ததைப் போட்டாள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இடது பக்கமிருந்து இறங்கினாள். குலுங்கல். பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவள் பின்வாங்கினாள்.

"சனியன் பிடிச்ச வண்டி!" என்றது அவர் குரல்.

தகர டப்பா என்று அவர் சொன்னது, அவர் காணாததைக் கண்டிருக்கிறது. திட்டத் திட்ட, அவருக்கு முன்னால் பிரேக்கை அழுத்தி மூணு உயிரைக் காப்பாற்றி, ஒன்றும் நடக்காதது போலக் கூடவே வந்திருக்கிறது. திரையைப் பார்த்து அவர் கை தானாகக் கும்பிட்டது.

"எல்லாரும் எடது பக்கமிருந்துதான் வந்திருக்காங்க. வலது கண்ண மூடிக்கிட்டு என்னையே பாருங்க சார்" என்றாள் அஸ்வினி. "உங்களுக்கு எடது பக்கம் கைய நீட்டியிருக்கேன். எத்தன விரல்?"

"கைய நீட்டியிருக்கியாம்மா?"

அவள் கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

"முதல்ல கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். வெளிய நான் சென்சார் பழுதுன்னே சொல்லிக்கிறேன்."

அவர் கார்ச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு சார்." அவள் தயங்கினாள். "இன்னைக்குக் காலையில."

அது அவர் வீட்டு வாசல். கேட்டைத் திறந்துவிட்டு, இடது பக்கமாக நடந்து வந்தது மாயக்காள். கார் நின்றபோது அவள் கை பானெட்டின் மேல் இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"வீட்டு வாசல்லயே நிக்குது பாரு! இப்ப எதுக்கு நிக்குது?" என்று அவர் கத்துகிறார்.

மாயக்காள் இரண்டடி பின்னால் போய், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். பிறகு அவள் குரல் கேட்கிறது. "ஆமாங்க, வண்டி சரியில்லதான். வாங்க, போய்க் கம்ப்ளெயின்ட் குடுப்போம்."

அஸ்வினி முதலில் வெளியே வந்தாள். எல்லார் காதிலும் விழும்படி, "எங்க தப்புதான் மேடம். சென்சார் பழுது. வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றாள்.

"இந்தம்மா ஜெயிச்சிருச்சு பாருங்க, அப்பவே சொன்னேன்ல" என்று நாற்காலிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார்.

முத்துப்பாண்டி மனைவியின் அருகில் வந்து நின்றார்.

"காலையில நீ முன்னாடி நின்னியா? ஏன் புள்ள சொல்லல?"

மாயக்காள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணக் காட்டுவோம் வாங்கன்னு எம்புட்டு நாளாக் கூப்புட்டேன், லாரிக்காரன் கண்ணையே சந்தேகப்படுறியான்னு எரிஞ்சு விழுந்தீங்க. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க, வண்டி சொன்னாலாவது கேப்பீங்கன்னுதான், கம்ப்ளெயின்ட் குடுங்க, கம்ப்ளெயின்ட் குடுங்கன்னு உங்க உசுர எடுத்தேன்."